விசிறிக்காரர் கையில் கஜானா: நருட்டோவின் நெருப்பு நாட்டு டைம்யோ

நருட்டோ என்ற ஜப்பானிய நிஞ்சா மாங்காவைப் பற்றி வந்த கேள்வி இது: "நருட்டோவில் பெய்ன் கொனோஹாவைத் தரைமட்டமாக்கிய பிறகு ஒரு கூட்டம் நடக்கிறது. அதில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் யார்? ஹோகாகேதானே நாட்டுத் தலைவர்? அப்புறம் எப்படி இவர் டான்ஸோவை ஹோகாகே ஆக்குகிறார்?"

கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தொடரை முழுசாகப் பார்த்தவர்களில் பாதிப் பேர் இதைத் தவறாகத்தான் புரிந்துவைத்திருப்பார்கள். ஹோகாகே நாட்டுத் தலைவர் இல்லை. அவர் ஓர் ஊரின் தலைவர். அந்த ஊர் கொனோஹா. அது இருக்கும் நாடு நெருப்பு நாடு. அந்த நாட்டுக்கு உடையவர்தான் விசிறிக்காரர், நெருப்பு நாட்டு டைம்யோ. தமிழில் சிற்றரசர் என்றோ குறுநில மன்னர் என்றோ சொல்லலாம். ஆனால் இந்தக் கதையில் அவருக்கு மேலே பேரரசர் யாரும் கிடையாது. அதனால் 'சிறு', 'குறு' எல்லாம் கொஞ்சம் பொருந்தாது. டைம்யோ என்றே வைத்துக்கொள்வோம்.

அவருக்கு மாங்காவில் பெயர்கூடக் கிடையாது. எழுநூறு அத்தியாயம் ஓடிய கதையில், தெருவோரம் ராமென் விற்கும் தெயூச்சிக்குப் பெயர் உண்டு. அவர் மகளுக்கும் பெயர் உண்டு. நாட்டையே ஆள்பவருக்கு இல்லை.

அந்தக் கூட்டத்துக்கே வருவோம். அப்போதைய ஹோகாகே சுனாடே நினைவில்லாமல் கிடக்கிறார். ஊர் ஒரு பெரிய பள்ளமாகிவிட்டது. புது ஹோகாகே உடனே வேண்டும். ஒரு பக்கம் ஊர்ப் பெரியவர்கள் ஹோமுராவும் கோஹாருவும், இன்னொரு பக்கம் ஷிகாமாருவின் அப்பா ஷிகாகு. கட்டுப்போட்ட கண்ணோடு, ஊரின் ரகசியப் படையை நடத்தும் டான்ஸோவும் இருக்கிறார். நடுநாயகமாக டைம்யோ. யாரைப் போடலாம் என்று பேச்சு வந்ததும் அவருக்கு முதலில் தோன்றுவது ஜிராயா. அவரை இவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான் காரணம். ஜிராயா செத்துப்போய்விட்டார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தன் நாட்டின் மிகப் பெரிய நிஞ்சா ஒருவர் இறந்தது மனதில் நிற்காத மனிதர்தான் அடுத்த தளபதியைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்.

ஷிகாகு, கொனோஹாவின் கைதேர்ந்த நிஞ்சாவான ககாஷியின் பெயரைச் சொல்கிறார். டைம்யோவும் சரி என்கிற பக்கம் சாய்கிறார். அப்போது டான்ஸோ வாயைத் திறக்கிறார். இந்த அழிவுக்கு யார் காரணம்? மூன்றாம் ஹோகாகேயின் மென்மையான போக்கு. அவர் சீடர் ஜிராயா. ஜிராயாவின் சீடர்தான் பெய்னாக வந்து ஊரை அழித்தவர். ககாஷி யார்? நான்காம் ஹோகாகேயின் சீடர், அதாவது அதே ஜிராயாவின் வழி. அதே பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொருவரை எடுத்துப் போடப் போகிறீர்களா? இதுதான் அவர் வாதம். டைம்யோ கேட்கிறார், பிடித்துப்போகிறது, முடிந்தது. ஆறாம் ஹோகாகே டான்ஸோ.

இந்தக் காட்சியை நகைச்சுவை என்று தள்ளிவிட்டுப் போகிறார்கள். எனக்கு இது தொடரிலேயே கூர்மையான அரசியல் காட்சி. டான்ஸோ அங்கே, கட்டுக்குள் மறைத்துவைத்திருந்த, மனதை வசப்படுத்தும் மந்திரக்கண்ணைப் பயன்படுத்தவில்லை. அடுத்து இரும்பு நாட்டில் ஐந்து பெரிய நிஞ்சா ஊர்களின் தலைவர்களான காகேக்கள் கூடும்போது, நடுவராக இருக்கும் மிஃபூனேயின் மனதைக் கட்டுப்போட்ட கண்ணால் வசப்படுத்துகிறார், மாட்டிக்கொள்கிறார். ஆனால் டைம்யோவிடம் அந்த வித்தை தேவையே படவில்லை. நல்ல வாய் இருந்தது, போதும். விவரம் தெரியாதவர் முன்னால் யார் கடைசியாகத் தெளிவாகப் பேசுகிறாரோ அவர் ஜெயிப்பார். நருட்டோவை எழுதிய கிஷிமோடோ இதை ஒரு விசிறியையும் ஒரு அசட்டு முகத்தையும் வைத்துச் சொல்லிவிட்டார்.

அதிகாரம் எப்படி வந்தது என்பதற்குப் பதில் கதையிலேயே உண்டு. ஊர் உருவான காலத்துப் பழைய கதையில், ஊரைச் சேர்ந்து நிறுவிய தோழன் மதாராவை ஹோகாகே ஆக்க ஹஷிராமாவுக்கு ஆசை. தம்பி தோபிராமா தடுக்கிறார்: அது நீ ஒருவனாக முடிவு செய்யும் விஷயம் இல்லை, நெருப்பு நாட்டோடும் ஊரின் ஜோனின்களோடும் (மேல்நிலை நிஞ்சாக்கள்) பேசித்தான் முடிவாகும் என்கிறார். அன்றிலிருந்தே ஹோகாகே பதவியில் பாதிக் கை நாட்டினுடையது. டைம்யோ நியமிப்பார், ஜோனின்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். டான்ஸோ அந்த இரண்டாவது படியைத் தாண்டும் முன்பே, ஊரைவிட்டுப் போன சசுகே கையில் செத்துவிடுகிறார். அதனால்தான் அவர் முழு ஹோகாகேயா, வெறும் வேட்பாளரா என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். என் கணக்கில் வேட்பாளர்தான்.

அவர் போனபிறகு திரும்பவும் அதே டைம்யோ முன்னால் அதே ஷிகாகு. இப்போது எதிர்த்துப் பேச ஆள் இல்லை. ககாஷிதான் என்று முடிவாகிறது. அந்த நேரம் பார்த்து சுனாடே கண் விழித்துவிட்டார் என்று செய்தி வருகிறது. ககாஷிக்கு வந்த நிம்மதியைச் சொல்லவே வேண்டாம்.

சரி, ஒரே கையசைப்பில் மலையை உடைக்கும் ஆட்கள் விசிறிக்காரருக்கு ஏன் அடங்கி நிற்கிறார்கள்? பணம். இதைத் தொடர் பல இடங்களில் சிதறலாகச் சொல்கிறது. சேர்த்துப் பார்த்தால்தான் படம் தெரியும்.

மறைந்திருக்கும் ஊர்கள், அதாவது கொனோஹா மாதிரி நிஞ்சா ஊர்கள், விவசாயம் செய்து பிழைப்பவை அல்ல. வேலைக்குக் கூலி வாங்கிப் பிழைப்பவை. அதோடு நாட்டு நிதியும் வரும். கூலி கொடுக்கும் பெரிய கைகளில் முக்கியமானவை டைம்யோக்களின் கைகள். இளம் நிஞ்சாக்கள் அடுத்த நிலைக்குப் போக எழுதும் சூனின் தேர்வில் மூன்றாம் ஹோகாகே பிள்ளைகளிடம் இதை ஒளிக்காமல் சொல்கிறார். இது வெறும் பரீட்சை இல்லை, நாடுகளுக்கு இடையே நடக்கும் போரின் சின்ன வடிவம். இறுதிச் சுற்றைப் பார்க்கப் பல நாட்டுப் பெரிய மனிதர்கள் வருவார்கள். எந்த ஊர்ப் பிள்ளைகள் பலசாலிகளோ அந்த ஊருக்கு வேலை குவியும், தோற்ற ஊருக்கு வேலை குறையும். அதாவது நாம் பதறிப்பதறிப் பார்த்த நெஜி சண்டையும் காரா சண்டையும் அந்த மேடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சரக்குக் காட்டும் சந்தை.

இதைவிட நல்ல சாட்சி காற்று நாட்டு டைம்யோ. அவர் முகம் அந்தக் கதைப் பகுதியில் கண்ணிலேயே படாது. ஆனால் முதல் பாகத்தின் மிகப் பெரிய சண்டைக்குக் காரணம் அவர்தான். தன் சொந்த நாட்டு நிஞ்சா ஊரான சுனாவின் படைச் செலவைக் குறைத்துக்கொண்டே போகிறார். கொடுக்க வேண்டிய வேலைகளையும் கொனோஹாவுக்குக் கொடுக்கிறார். பாலைவனத்து ஊர், வேறு பிழைப்பு இல்லை. சுனா, கொனோஹாவை விட்டு ஓடிப்போன ஒரோச்சிமாருவோடு கை கோத்துக் கொனோஹாமீது பாய்ந்ததற்குப் பின்னால் இந்த வயிற்றெரிச்சல்தான் இருக்கிறது. மூன்றாம் ஹோகாகே இறந்தார். சுனாவின் தலைவர் நான்காம் காசகாகே அதற்கு முன்பே ஒரோச்சிமாரு கையில் செத்துக் கிடந்தார். இத்தனைக்கும் பிறகு அந்த டைம்யோவை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகக் கதையில் இல்லை. வில்லன் பாம்பு முகத்தோடு முன்னால் நிற்பதால், பின்னால் கணக்குப் புத்தகத்தோடு இருந்தவரை நாமும் மறந்துவிட்டோம்.

அலை நாட்டின் நிலைமை நேர் எதிர். அங்கே டைம்யோவே பரம ஏழை. காட்டோ என்ற கப்பல் முதலாளி ஒருவன் நாட்டையே கையில் போட்டுக்கொண்டிருக்கிறான். பாலம் கட்டும் கிழவர் தசுனா, உண்மையான ஆபத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் கூலி கட்டுபடியாகாது என்று பொய் சொல்லித்தான் நருட்டோ இருக்கும் ஏழாம் அணியை அழைத்து வருகிறார். நாட்டு டைம்யோவிடமே காசு கிடையாது என்று அவரே புலம்புகிறார். டைம்யோ என்றால் கிரீடமும் பட்டும் என்பது பெரிய நாடுகளின் கதை. சின்ன நாட்டு டைம்யோ, கடன்காரனுக்குப் பயந்து வாழும் நிலச்சுவான்தார் மாதிரிதான்.

இந்தப் பணக் கணக்கை எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர் பெய்ன். தான் தலைமை தாங்கும் அகாட்சுகி என்ற கும்பலின் திட்டத்தை அவர் விளக்கும் இடத்தை மறுபடி பாருங்கள். முதலில் பணம் சேர்ப்பது. அப்புறம் குறைந்த கூலிக்குப் போர் செய்து தரும் கூலிப்படை ஆவது. வால்மிருகங்கள் என்ற ராட்சத மிருகங்களின் பலத்தைக் காட்டிச் சந்தையையே தன் கைக்குக் கொண்டுவருவது. கடைசியில் ஊர்கள் வேலை இல்லாமல் தானே படுத்துவிடும். உலகத்தை ஆளக் கிளம்பியவரின் வழி, மலிவு விலைக் கடை போட்டுப் பழைய கடைகளை மூடவைப்பதுதான். அது வெறும் கனவும் இல்லை. காகேக்கள் கூட்டத்தில் மின்னல் நாட்டு ரைகாகே மேசையைக் குத்திக்கொண்டு கத்துவதே இதைப் பற்றித்தான்: நீங்கள் எல்லாம் அகாட்சுகியைக் கூலிக்கு வைத்தீர்கள் என்கிறார். மண் நாட்டுக் காகே ஓனோகி அசரவில்லை. சமாதானக் காலத்தில் படை வைத்திருப்பது செலவு, ஆனால் திடீரென்று போர் வந்தால் பழகாத படை தோற்கும். கூலிக்காரன் மலிவு, கைதேர்ந்தவன். அதுதான் அவர் பதில். செலவு பார்க்கும் டைம்யோவின் மூளை காகேக்களின் தலைக்குள்ளும் ஏறிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வரலாற்று டைம்யோக்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிஷிமோடோ எதை எடுத்தார், எதை விட்டார் என்பது அப்போதுதான் தெரியும். எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, டைம்யோ என்பதற்கு அளவு இருந்தது: குறைந்தது 10,000 கோகு நெல் விளையும் நிலம். ஒரு கோகு என்பது ஏறத்தாழ 180 லிட்டர் அரிசி, ஒரு மனிதர் ஒரு வருடம் சாப்பிடும் அளவு என்று கணக்கு. இப்படி ஏறத்தாழ 260 டைம்யோக்கள் இருந்தார்கள். காகா பகுதியின் மயேதா குடும்பம் பத்து லட்சம் கோகுவைத் தாண்டியது. அடிமட்டத்தில் இருந்தவர்கள் பத்தாயிரத்தை ஒட்டித் தட்டுத்தடுமாறினார்கள். இவர்களுக்கெல்லாம் மேலே, எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) ஆண்ட ஷோகன். 1635-இல் வந்த சட்டப்படி டைம்யோக்கள் ஊருக்கும் எடோவுக்குமாக மாறிமாறி இருக்க வேண்டும். மனைவியும் வாரிசும் எப்போதும் எடோவில். பெயர் மரியாதை, உண்மையில் பணயம். போகவர ஆகும் ஊர்வலச் செலவிலேயே கஜானா கரைந்துவிடும், கலகம் செய்யக் காசு மிஞ்சாது. 1871-இல் இந்தப் பகுதிகள் எல்லாம் கலைக்கப்பட்டு மாகாணங்கள் ஆயின.

நருட்டோவில் ஷோகனும் இல்லை, பணயமும் இல்லை. டைம்யோவைக் கட்டிப்போட மேலே யாரும் கிடையாது; கீழே இருக்கும் நிஞ்சா ஊர்தான் அவரைக் கட்டுப்படுத்தும் ஒரே எடை. இது எடோ காலத்தைவிட, அதற்கு முந்தைய போர்க்காலத்துக்கு நெருக்கம்.

வரலாற்றில் நிஞ்சாக்களின் கதை இன்னும் சுவாரசியம். இகாவிலும் பக்கத்துக் கோகாவிலும் இருந்தவர்கள் யாரோ ஒரு டைம்யோவின் கூலிக்காரர்களாக மட்டும் இருக்கவில்லை. சின்னச் சின்ன நிலம் வைத்திருந்த வீரக் குடும்பங்கள். தங்களுக்குள் கூட்டாகப் பேசி ஊரை நடத்தியவர்கள். 1579-இல் ஓடா நொபுகாட்சு அப்பாவைக் கேட்காமல் இகாமீது படை எடுத்து அடிவாங்கித் திரும்பினார். 1581-இல் அப்பா நொபுனாகாவே பெரும்படையை ஏவினார், இகா எரிந்தது. அடுத்த வருடமே நொபுனாகா ஹொன்னோஜியில் துரோகத்தில் மாண்டார். அப்போது சிக்கிக்கொண்ட தொகுகாவா இயேயாசு இகா மலைகள் வழியாகத் தப்பி ஊர் சேர, ஹத்தோரி ஹன்சோவும் இகா ஆட்களும் துணை நின்றார்கள். அதற்குப் பலனாக இகாக்காரர்கள் எடோ கோட்டையில் காவல் வேலைக்குப் போனார்கள். டோக்கியோ அரண்மனையின் ஹன்சோமோன் வாசலுக்கு அந்தப் பெயர் ஹன்சோவால்தான் வந்தது என்று சொல்வார்கள். அந்தப் பெயரில் ஒரு சுரங்க ரயில் பாதையே ஓடுகிறது. தன்னாட்சியோடு இருந்த மலைக்காரர்கள் கடைசியில் ஒரு பெரிய வீட்டின் வாசல் காவலர்கள் ஆன கதை அது. கொனோஹா அந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் நிற்கிறது. ஊருக்குள் தன்னாட்சி, ஊருக்கு வெளியே சம்பளக்காரன். (இடையில் ஒன்று: கியூஷு தீவின் ஒரு பகுதிக்கு நிஜமாகவே 'ஹி நோ குனி' என்ற பழைய பெயர் உண்டு. எழுதும் எழுத்தும் 'நெருப்பு நாடு' என்றே வரும். குமாமோட்டோக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கதைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை, கேட்க நன்றாக இருக்கிறது.)

டைம்யோவைக் காப்பவர்கள் பற்றியும் கேட்பார்கள். பன்னிரு காவல் நிஞ்சாக்கள் என்று ஒரு குழு இருந்தது. கொனோஹாவின் ஜோனின் அசுமா அதில் இருந்தவர். இடுப்பில் 'நெருப்பு' எழுத்து போட்ட துணி கட்டியிருப்பாரே, அது அங்கே வாங்கியது. கள்ளச்சந்தையில் அவர் தலைக்கு 3 கோடியே 50 லட்சம் ரியோ (கதையின் நாணயம்) விலை. நெருப்புக் கோயிலில் இருந்த துறவி சிரிகுவுக்கு 3 கோடி. அகாட்சுகியின் காகுசு சிரிகுவின் தலையைக் காசுக்காகத்தான் எடுக்கிறான், தன்னைத் துரத்தி வந்த அசுமாவையும் விலையாகத்தான் பார்க்கிறான். ஊரின் பெருமை, நட்பு என்று அசுமா சாவைப் பார்த்து நாம் அழுதோம். அவனுக்கு அது வசூல்.

அனிமேயில் மட்டும் வரும் ஒரு நீண்ட பகுதி இதையே திருப்பிப் போடுகிறது. பன்னிருவரும் இரண்டாகப் பிரிகிறார்கள். கசுமா என்பவர் தலைமையில் ஒரு கூட்டம், ஒரு நாட்டுக்கு இரண்டு ராஜா எதற்கு, ஹோகாகேயை ஒழித்துவிட்டு டைம்யோ ஒருவரே ஆளட்டும் என்கிறது. ஃபில்லர் என்று பலரும் தாண்டிப் போவார்கள், நானும் முதல் தடவை தாண்டித்தான் போனேன். சண்டைகள் இழுவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூலக்கதை கேட்காமல் விட்ட கேள்வியை அது நேராகக் கேட்கிறது. சசுகேயின் அண்ணன் இத்தாச்சியின் கதையைச் சொல்லும் அனிமேயிலும் ஒரு சின்ன இடம் உண்டு. டைம்யோவின் ஊர்வலத்துக்குக் காவல் போகும்போதுதான் முகமூடி மனிதன் வழிமறிக்கிறான். கூட்டத்தையே மயக்கத்தில் ஆழ்த்திவிட்டு, இத்தாச்சியின் அணித் தோழன் தென்மாவைக் கொல்கிறான். டைம்யோவுக்கு ஒரு கீறல் இல்லை. செத்தது காவலுக்குப் போன சிறுவன்.

நான்காம் ஷினோபிப் போர் வரும்போது ஐந்து பெரிய நாட்டு டைம்யோக்களும் கூட்டுப்படைக்கு ஒப்புதல் கொடுக்கிறார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் மூட்டை மாதிரி இடம்விட்டு இடம் மாற்றி ஒளித்துவைக்கப்படுகிறார்கள். நீர் நாட்டுக் காகேயான மிசுகாகே மேய்யும் அவர் ஆள் சோஜூரோவும் காவல். எதிரித் தரப்பின் கருப்பு செட்சு அங்கேயும் வந்து சேர்கிறான். ஒரு காகேயைப் போர்முனையிலிருந்து எடுத்து இவர்களுக்குக் காவல் வைத்தார்கள் என்றால் இவர்கள் உயிருக்கு எவ்வளவு விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டுப்படை நிற்பது அவர்கள் கையெழுத்தில்.

இங்கேதான் எனக்கு கிஷிமோடோமேல் ஒரு குறை. இத்தனை தூரம் கட்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டார். போர் முடிந்து நாடுகள் நட்பாகிவிட்டால் இந்தச் சம்பள ஏற்பாடு என்ன ஆகும்? வேலை குறையுமே, காற்று நாட்டு டைம்யோ மாதிரி யாராவது திரும்பவும் செலவைக் குறைப்பாரே? கடைசி எதிரியாகக் காகுயா வந்து நின்றுவிட்டார், இந்தக் கேள்விகள் எல்லாம் கீழே போய்விட்டன. நருட்டோ ஏழாம் ஹோகாகே ஆகிறான். அவனை நியமித்த கையைக் கதை காட்டவில்லை. ஒரு காட்சி போதும். விசிறிக்காரர் முன்னால் நருட்டோ வந்து நின்று பேசுவதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆசை.

நருட்டோவின் மகனைப் பற்றிய பொரூட்டோ அனிமேயில் டைம்யோவுக்கு ஒருவழியாகப் பெயர் கிடைக்கிறது, ஆனால் இவருக்கு இல்லை. மதோகா இக்கியூ என்று வேறொருவர். அவர் மகன் தெந்தோ நிஞ்சா சீட்டுகள் சேர்க்கும் பணக்காரப் பிள்ளை. காவலுக்கு வரும் பொரூட்டோவை முதலில் காசு கொடுத்து வாங்கிய பொம்மை மாதிரி நடத்துகிறான், பிறகு நண்பனாகிறான். அப்பாவுக்கு மகனோடு உட்கார நேரமில்லை. குழந்தைகளுக்கான கதைதான், ஆனால் டைம்யோ வீட்டுக்குள் கேமரா போனது அங்கேதான்.

அப்புறம், விசிறிக்காரரை முதன்முதலில் எப்போது பார்க்கிறோம் என்றும் சிலர் கேட்பதுண்டு. அவரைப் பார்ப்பதற்கு ரொம்ப முன்பே அவர் வீட்டுக்காரம்மாவைப் பார்த்துவிட்டோம். ஏழாம் அணியின் ஆரம்பகால வேலைகளில் ஒன்று, ஓடிப்போன தோரா என்ற பூனையைப் பிடித்துக் கொடுப்பது. நருட்டோ முகமெல்லாம் கீறல். பூனையை வாங்கி மூச்சுமுட்ட அணைத்துக்கொள்ளும் குண்டான சீமாட்டி ஷிஜிமி நெருப்பு நாட்டு டைம்யோவின் மனைவி. பூனை கண்ணீர் விடுகிறது, அந்தம்மா கூலியைக் கட்டுகிறார், மூன்றாம் ஹோகாகே அடுத்த வேலையின் தாளைக் கையில் எடுக்கிறார்.